முதல் ஸ்கூபா ரெகுலேட்டர் வாங்கப் போறீங்களா? விலையைப் பார்ப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி வேறு!

புதுச்சேரியிலோ அந்தமானிலோ நாலு நாள் பயிற்சி முடிந்து, ஓபன் வாட்டர் சான்றிதழ் கைக்கு வந்தாச்சு. கடலுக்கடியில் எடுத்த போட்டோவுக்கு இன்ஸ்டாவில் ஹார்ட்டும் குவிஞ்சாச்சு. அடுத்த வாரமே மனசுக்குள் ஒரு குரல் கேட்க ஆரம்பிக்கும்: "சொந்தமா கியர் வாங்கிடலாமா?"

மாஸ்க், ஃபின்ஸ் வாங்குவதில் பெரிய குழப்பம் இல்லை. முகத்துக்குப் பொருந்துதா, காலுக்குப் பொருந்துதா, அவ்வளவுதான். ரெகுலேட்டர் என்று தேட ஆரம்பித்தால்தான் தலை சுற்றும். பிஸ்டன், டயாஃப்ரம், பேலன்ஸ்டு, யோக், டின் என்று புரியாத வார்த்தைகள் வரிசை கட்டும். ஆரம்ப மாடலுக்கும் உயர் ரக மாடலுக்கும் விலையில் இரண்டு, மூன்று மடங்கு வித்தியாசம் இருக்கும். கூடவே ஒரு பயமும் வரும்: "மூச்சு விடுற சமாச்சாரமாச்சே, இதுல போய் காசு பார்க்கலாமா?"

தாராளமாகப் பார்க்கலாம். தரச் சான்று பெற்ற ஆரம்ப விலை ரெகுலேட்டரை ஒழுங்காக சர்வீஸ் செய்து வைத்திருந்தால், அது நம்பகமானது. லட்ச ரூபாய் கொடுத்து வாங்கினாலும், சர்வீஸ் செய்ய ஆள் கிடைக்கவில்லை என்றால் அதை நம்பிக் கடலில் இறங்க முடியாது. எதற்குப் பணம் கொடுக்க வேண்டும், எதற்கு வேண்டாம் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ரெகுலேட்டர் அப்படி என்னதான் செய்யுது?

வீட்டில் கேஸ் சிலிண்டர் மேல் ஒரு ரெகுலேட்டர் இருக்கும். சிலிண்டருக்குள் இருக்கும் அதிக அழுத்தத்தை அடுப்பு தாங்கும் அளவுக்குக் குறைத்துக் கொடுப்பது அதன் வேலை. ஸ்கூபா ரெகுலேட்டரும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் இரண்டு கட்டமாகச் செய்கிறது.

நிரப்பிய டைவிங் சிலிண்டரில் சுமார் 200 பார் அழுத்தம் இருக்கும். கார் டயரில் இருப்பதைப்போல ஏறக்குறைய 90 மடங்கு. அதை அப்படியே நுரையீரலுக்குள் விட முடியாது. சிலிண்டரோடு நேரடியாக இணையும் உலோகப் பகுதியான ஃபர்ஸ்ட் ஸ்டேஜ், இந்த அழுத்தத்தைச் சுற்றியுள்ள நீரழுத்தத்தைவிட 9 முதல் 10 பார் வரை மட்டும் அதிகமாக இருக்கும்படி குறைக்கிறது. இதற்கு இடைநிலை அழுத்தம் என்று பெயர். அங்கிருந்து ரப்பர் ஹோஸ் வழியாக வாயில் கடித்திருக்கும் செகண்ட் ஸ்டேஜுக்குக் காற்று வருகிறது. நாம் மூச்சை இழுக்கும்போது அதற்குள் இருக்கும் மெல்லிய டயாஃப்ரம் உள்வாங்கி, ஒரு லீவரை அழுத்தி, வால்வைத் திறக்கிறது. இழுப்பதை நிறுத்தினால் வால்வு மூடிக்கொள்கிறது.

சுற்றியுள்ள நீரழுத்தத்துக்குச் சமமாகக் காற்று வருவதுதான் இதில் முக்கியம். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் 2 பார், 20 மீட்டரில் 3 பார், 30 மீட்டரில் 4 பார். அந்தந்த ஆழத்துக்கு ஏற்ற அழுத்தத்தில் காற்று வராவிட்டால் நெஞ்சை விரிக்கவே முடியாது.

இந்த யோசனை பிறந்த கதை சுவாரஸ்யமானது. இரண்டாம் உலகப் போர் காலத்தில் பிரான்ஸில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு. கார்களை எரிவாயுவில் ஓட்டுவதற்காக ஏர் லிக்கிட் நிறுவனத்தின் பொறியாளர் எமில் கஞ்ஞான் ஒரு வால்வை உருவாக்கி வைத்திருந்தார். அதைக் கடலுக்கடியில் மூச்சு விடுவதற்கு ஏற்றபடி மாற்றி, 1943-ல் அவரும் ஜாக் கூஸ்தோவும் உருவாக்கியதுதான் அக்வா-லங். இன்று நாம் பயன்படுத்தும் ஒற்றை ஹோஸ் வடிவத்தை 1950-களின் தொடக்கத்தில் மெல்போர்னைச் சேர்ந்த டெட் எல்ட்ரெட் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அடிப்படை அமைப்பு அதன்பிறகு பெரிதாக மாறவில்லை. 70 ஆண்டுகளாகத் தீட்டப்பட்டுவரும் தொழில்நுட்பம் என்பதால்தான் ஆரம்ப விலை மாடலும் இன்று நன்றாகவே வேலை செய்கிறது.

இன்னொரு ஆறுதலான விஷயம். பழுதானால் காற்றை அடைத்துக்கொள்ளாமல் திறந்துகொள்ளும் வகையில்தான் பெரும்பாலான ரெகுலேட்டர்கள் வடிவமைக்கப்பட்டுள்ளன. அதாவது, கோளாறு வந்தால் காற்று நிற்காமல் கொட்டும். 'ஃப்ரீ ஃப்ளோ' என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது இதைத்தான்.

முதலில், வாங்கத்தான் வேணுமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு முழு செட் 50,000 ரூபாய், ஒரு சர்வீஸுக்கு 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். (இது கணக்குக்காக எடுத்துக்கொண்ட தொகை. உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள்.) ஐந்து வருடத்தில் இரண்டு சர்வீஸ் என்றால் மொத்தம் 66,000. சொந்த ரெகுலேட்டர் கொண்டுபோவதால் ஒரு டைவிங் நாளுக்கு 600 ரூபாய் மிச்சம் என்றால், போட்ட காசை எடுக்க 110 நாள் டைவ் செய்ய வேண்டும். வருடத்துக்கு 22 நாள்!

வருடத்துக்கு ஒருமுறை லாங் வீக்கெண்டில் அந்தமான் போய் ஆறு டைவ் செய்பவருக்கு இது கட்டுப்படியாகாது. அதுவும், பல டைவ் சென்டர்களில் கியர் வாடகை பேக்கேஜுக்குள்ளேயே அடங்கியிருக்கும். சொந்தக் கருவி கொண்டுவந்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். சில இடங்களில் பதில் 'ஒண்ணும் குறையாதுங்க' என்றுகூட வரலாம்.

அப்படியென்றால் எதற்குத்தான் வாங்குவது? பழக்கத்துக்காக. ஒரே கருவியில் திரும்பத் திரும்ப மூச்சு விடும்போது அதன் சத்தம், இழுவை எல்லாம் பழகிவிடும். ஏதாவது மாறினால் உடனே தெரியும். அது கடைசியாக எப்போது சர்வீஸ் ஆனது என்பதும் உங்களுக்குத் தெரியும். வாடகைக் கருவியில் இந்த இரண்டும் கிடையாது. வருடத்துக்கு 15, 20 நாள் கடலில் இருப்பேன் என்பவருக்கு இது நியாயமான செலவு.

மற்றவர்கள் முதலில் முகத்துக்குப் பொருந்தும் மாஸ்க் வாங்கலாம். அடுத்து டைவ் கம்ப்யூட்டர். ரெகுலேட்டருக்கு மூன்றாவது இடம் கொடுத்தால் போதும். "பத்துப் பேர் கடிச்ச மவுத்பீஸை வாயில வைக்கப் பிடிக்கல" என்பதுதான் உங்கள் பிரச்சினை என்றால், மவுத்பீஸ் மட்டும் தனியாகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. ஒரு கேபிள் டையோடு பையில் வைத்துக்கொண்டால், டைவ் சென்டரில் கேட்டு வாடகைக் கருவியில் மாட்டிக்கொள்ளலாம்.

பிஸ்டனா, டயாஃப்ரமா? பேலன்ஸ்டுனா என்ன?

விலை வித்தியாசத்தின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. ஃபர்ஸ்ட் ஸ்டேஜுக்குள் வால்வைத் திறந்து மூடும் பாகம் உலோக பிஸ்டனாக இருந்தால் அது பிஸ்டன் வகை. நெகிழும் ரப்பர் தகடாக இருந்தால் டயாஃப்ரம் வகை. பிஸ்டனில் அசையும் பாகங்கள் குறைவு, சர்வீஸ் எளிது. டயாஃப்ரத்தில் உள் பாகங்கள் கடல்நீரிலிருந்து விலகி இருக்கும். உப்பும் மணலும் உள்ளே போகும் வாய்ப்பு குறைவு.

பேலன்ஸ்டு என்பது வேறு விஷயம். அன்பேலன்ஸ்டு ரெகுலேட்டரில், சிலிண்டரில் காற்று குறையக் குறைய இடைநிலை அழுத்தமும் கொஞ்சம் மாறும். அதனால் டைவின் கடைசிக் கட்டத்தில், அதுவும் ஆழத்தில் இருந்தால், மூச்சை இழுப்பது சற்றுக் கனமாகத் தெரியலாம். பேலன்ஸ்டு வகையில் சிலிண்டர் நிறைந்திருந்தாலும் காலியாகும் நிலையில் இருந்தாலும் இழுவை ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும்.

இந்த வித்தியாசம் நமக்கு எவ்வளவு முக்கியம்? ஓபன் வாட்டர் சான்றிதழின் வரம்பு 18 மீட்டர். 50 பார் மிச்சம் இருக்கும்போது மேலே வந்துவிட வேண்டும் என்றுதான் பயிற்சியும் சொல்கிறது. அந்த எல்லைக்குள் நிதானமாக டைவ் செய்பவர்களில் பலருக்கு வித்தியாசமே தெரியாது. ஸ்கூபாப்ரோவின் எம்.கே.2, கிரெஸ்ஸியின் ஏ.சி.2 போன்றவை அன்பேலன்ஸ்டு பிஸ்டன் வகைதான். தினமும் புதுப்புது மாணவர்கள் கையில் அடிபடும் வாடகை செட்களில் இந்த வகை அதிகமாக இருப்பதற்குக் காரணம் விலை மட்டுமே இல்லை. அடி தாங்கும், சர்வீஸ் செலவும் குறைவு.

30 மீட்டர் வரை அடிக்கடி போவேன், அட்வான்ஸ்டு, ரெஸ்க்யூ என்று படிக்கப் போகிறேன், நீரோட்டம் அதிகமுள்ள இடங்களில் டைவ் செய்வேன் என்றால் பேலன்ஸ்டு மாடலுக்குக் கூடுதல் காசு கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. ஆழத்தில் ஒருவருக்குக் காற்று தீர்ந்து, இருவர் ஒரே சிலிண்டரிலிருந்து வேகமாக மூச்சு விடும் நேரத்தில்தான் பேலன்ஸ்டு அமைப்பின் அருமை தெரியும். எல்லா பிராண்டிலும் உச்ச மாடலுக்குக் கீழே நடுத்தர விலையில் ஒரு பேலன்ஸ்டு மாடல் இருக்கும். தேட வேண்டியது அதைத்தான். டைட்டானியம் உடம்பு, பளபளக்கும் கோட்டிங், நாலைந்து அட்ஜஸ்ட்மென்ட் திருகுகள் எல்லாம் முதல் ரெகுலேட்டருக்குத் தேவையில்லை.

'குளிர்நீர் மாடல்' நமக்கு எதுக்கு?

சில மாடல்கள் குளிர்நீருக்கென்றே தயாரிக்கப்பட்டவை என்று கூடுதல் விலைக்கு வரும். அழுத்தம் சட்டென்று குறையும்போது காற்று மிகவும் குளிர்ந்துவிடும். ஏற்கெனவே நீரும் குளிராக இருந்தால் உள்ளே பனி உறைந்து ஃப்ரீ ஃப்ளோ ஆகலாம். அதைத் தடுக்கும் ஏற்பாடுதான் இது. ஐரோப்பிய தரவிதியான ஈ.என். 250-ன்படி குளிர்நீர் என்றால் 10 டிகிரி செல்சியஸுக்கும் கீழே. வங்கக் கடலில் நாம் டைவ் செய்யும் ஆழத்தில் பெரும்பாலும் 26 முதல் 30 டிகிரி வரை இருக்கும். அந்தமான், இலங்கை, மாலத்தீவு, தாய்லாந்து என்று போனாலும் இதே கதைதான்.

ஆகவே, பனிக்காக மட்டும் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். ஆனால் கடல்நீர் உள்ளே புகாதபடி மூடப்பட்ட சீல்டு அமைப்பு உப்பு, மணல், சேறு ஆகியவற்றையும் தடுக்கும். கலங்கலான கடலில் அடிக்கடி இறங்குபவர்களுக்கு அது பயன்படும்.

இந்த ஈ.என். 250 முத்திரையைக் கட்டாயம் தேடிப் பாருங்கள். 50 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தில், நிமிடத்துக்கு 62.5 லிட்டர் என்ற வேகத்தில் காற்றை இழுத்துச் சோதிக்கும் தரவிதி அது. நிதானமாக மூச்சு விடுபவருக்கு நிமிடத்துக்கு 15 முதல் 20 லிட்டர் போதும். பதற்றத்தில் வேகமாக மூச்சு வாங்கினாலும் தாக்குப்பிடிக்குமா என்று பார்க்கிறார்கள் என்று அர்த்தம். ஆரம்ப விலை மாடலாக இருந்தாலும் இந்தப் பரீட்சையில் பாஸ் ஆகியிருக்க வேண்டும். பெயர் தெரியாத ஆன்லைன் சரக்கில் இந்த முத்திரை இல்லை என்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் தள்ளிவிடுங்கள்.

யோக்கா, டின்னா?

ரெகுலேட்டரை சிலிண்டரோடு இணைப்பதில் இரண்டு முறைகள் உண்டு. யோக் என்பது வால்வைச் சுற்றி வளையம்போல மாட்டி, பின்னால் திருகி இறுக்குவது. இது 232 பார் வரைக்கும்தான். டின் என்பது வால்வுக்குள்ளேயே மரையோடு திருகி ஏற்றுவது. ஓ-ரிங் உள்ளே பத்திரமாக அடங்கிவிடும். எடையும் குறைவு. 300 பார் சிலிண்டர்களுக்கும் டின் வகை உண்டு.

ஐரோப்பாவில் டின் அதிகம். அமெரிக்காவிலும் ஆசிய சுற்றுலாத் தலங்கள் பலவற்றிலும் யோக் அதிகம். டின் ரெகுலேட்டர் வாங்கினால் ஒரு அடாப்டர் போட்டு யோக் சிலிண்டரிலும் மாட்டலாம். யோக் ரெகுலேட்டரை டின் வால்வில் மாட்ட வேண்டுமென்றால், அந்த வால்வில் அதற்கான இன்சர்ட் இருக்க வேண்டும். உங்கள் தீர்மானத்துக்கு ஒரே அளவுகோல் போதும்: அடுத்த இரண்டு வருடம் எங்கே டைவ் செய்யப் போகிறீர்களோ, அந்த சென்டருக்கு ஒரு போன் போட்டு "உங்ககிட்ட என்ன வால்வு?" என்று கேளுங்கள்.

எதில் கஞ்சத்தனம் கூடாது?

டைவர்ஸ் அலெர்ட் நெட்வொர்க் என்ற டைவிங் பாதுகாப்பு அமைப்பின் ஆய்வாளர்கள், பொழுதுபோக்கு டைவிங்கில் நடந்த 947 மரணங்களை ஆராய்ந்து 2008-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிரச்சினை எதில் தொடங்கியது என்று கண்டுபிடிக்க முடிந்த சம்பவங்களில் 41 சதவீதம், போதிய காற்று இல்லாமல் போனதில் தொடங்கியவை. கருவிக் கோளாறில் தொடங்கியவை 15 சதவீதம்.

இந்தக் கணக்கைப் பார்த்தால், பட்ஜெட்டை எங்கே செலவழிக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெளிவாகக் காட்டும் பிரஷர் கேஜ் ஒன்று வேண்டும். சாதாரண முள் வைத்த கேஜ் போதும். வயர்லெஸ் டிரான்ஸ்மிட்டர் வசதிதான், ஆனால் அவசியம் இல்லை. அடுத்தது ஆக்டோபஸ், அதாவது துணைவருக்குக் காற்று தீர்ந்தால் கொடுக்கும் இரண்டாவது செகண்ட் ஸ்டேஜ். "அது சும்மா தொங்குறதுதானே" என்று மட்டமானதை வாங்காதீர்கள். அதைப் பயன்படுத்தும் நிமிடத்தில் அதன் மறுமுனையில் இருப்பவர் பதற்றத்தில் இருப்பார். மஞ்சள் நிறம், நீளமான ஹோஸ், ஈ.என். 250 சோதனையில் துணைக் காற்று கொடுக்கவும் ஏற்றது என்று பெயர் வாங்கியது. இது மூன்றும் இருக்கட்டும்.

கூடவே, வாயில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். 45 நிமிடம் கடித்துக்கொண்டு இருக்க வேண்டிய பொருள். செகண்ட் ஸ்டேஜ் கனமாக இருந்தால் தாடை வலிக்கும். சிறிய வாய் உள்ளவர்களுக்குச் சிறிய மவுத்பீஸ் கிடைக்கும்.

உண்மையான விலை சர்வீஸில்தான் இருக்கு

கார் வாங்கும்போது மைலேஜ் கேட்போம், சர்வீஸ் சென்டர் பக்கத்தில் இருக்கா என்றும் கேட்போம். ரெகுலேட்டர் வாங்கும்போது மட்டும் இரண்டாவது கேள்வியை மறந்துவிடுகிறோம்.

வருடத்துக்கு ஒருமுறை அல்லது 100 டைவுக்கு ஒருமுறை பரிசோதனை, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழு சர்வீஸ் என்பது பல நிறுவனங்களின் ஏற்பாடு. மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் கையேட்டைப் பாருங்கள். முழு சர்வீஸ் என்றால் எல்லாவற்றையும் கழற்றிச் சுத்தம் செய்து, ஓ-ரிங், வால்வு சீட், ஃபில்டர் போன்ற தேயும் பாகங்களை மாற்றி, இடைநிலை அழுத்தத்தைச் சரிபார்த்துப் பூட்டுவது. ஃபர்ஸ்ட் ஸ்டேஜ், செகண்ட் ஸ்டேஜ், ஆக்டோபஸ் என்று மூன்றுக்கும் தனித்தனி சர்வீஸ் கிட் வேண்டும். பில்லும் அதற்கேற்பத்தான் வரும்.

வாங்கும் முன் கடைக்காரரிடம் கேட்க வேண்டியவை:

• இந்த மாடலை சர்வீஸ் செய்ய அந்த நிறுவனத்திடம் பயிற்சி பெற்ற டெக்னீஷியன் எந்த ஊரில் இருக்கிறார்?

• மூன்று கிட், கூலி எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆகும்?

• கிட் கைவசம் இருக்கிறதா, வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டுமா?

• கொடுத்தால் எத்தனை நாளில் திரும்பக் கிடைக்கும்?

• வெளிநாட்டில் வாங்கினால் வாரன்டி இங்கே செல்லுமா?

வெளிநாட்டு வலைதளத்தில் விலை குறைவாகத் தெரியும். சுங்கவரி, ஜி.எஸ்.டி., கூரியர் எல்லாம் சேர்த்தால் அந்த மிச்சம் கரைந்துபோகலாம். இந்தக் கேள்விகளுக்கு 'தெரியலை' என்று பதில் வரும் பிராண்டைவிட, சென்னையிலோ புதுச்சேரியிலோ பெங்களூருவிலோ நீங்கள் போய் நிற்கக்கூடிய இடத்தில் சர்வீஸ் ஆகும் பிராண்டே உங்களுக்கு நல்ல பிராண்ட். நீங்கள் வழக்கமாகப் போகும் டைவ் சென்டர் தன் வாடகை செட்களுக்கு எந்த பிராண்டை வைத்திருக்கிறது என்று பாருங்கள். அதற்கான உதிரிபாகமும் கை பழகிய ஆளும் அங்கேயே இருக்க வாய்ப்பு அதிகம்.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

ஐ.டி. துறை நண்பர் ஒருவருக்கு, வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்பிய ஒருவர் மூலம் பிரபல பிராண்டின் உயர் ரக செட் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைத்தது. "நாலே நாலு டைவ்தான் பண்ணினது" என்ற உத்தரவாதத்தோடு. பார்க்கப் புதிது போலவே இருந்தது. நேராகக் கடலுக்குக் கொண்டுபோகாமல் நீச்சல் குளத்தில் மாட்டிப் பார்த்தார். ஒவ்வொரு மூச்சோடும் ஒரு மடக்குத் தண்ணீர் வந்தது. டெக்னீஷியன் திறந்து பார்த்தபோது, செகண்ட் ஸ்டேஜின் டயாஃப்ரம் விளிம்பில் கிழிந்திருந்தது. ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் ஃபில்டர் பச்சை பிடித்துக் கிடந்தது. அந்த மாடல் தயாரிப்பிலேயே இல்லை, கிட்டும் கிடைக்கவில்லை. நாலு டைவ் செய்தது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு எத்தனை வருடம் கழுவாமல் பெட்டியில் கிடந்ததோ, யாருக்குத் தெரியும்? மிச்சம் பிடித்த பணத்துக்கு மேல் கொடுத்து, கடைசியில் அவர் புது ஆரம்ப மாடல் ஒன்றை வாங்கினார். இன்றும் அதில்தான் டைவ் செய்கிறார்.

செகண்ட் ஹேண்ட் வாங்கவே கூடாது என்பதில்லை. சர்வீஸ் செலவையும் சேர்த்துக் கணக்குப் பார்த்து, கிட் கிடைக்கிறதா என்று விசாரித்துவிட்டு வாங்கலாம். வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சில சோதனைகள் உண்டு:

• ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் வாயில் உள்ள சிறிய ஃபில்டரைப் பாருங்கள். பச்சை என்றால் உள்ளே கடல்நீர் போயிருக்கலாம். செம்பழுப்பு என்றால் இரும்பு சிலிண்டரின் துரு. கறுப்பு என்றால் கம்ப்ரசர் எண்ணெயோ கரியோ வந்திருக்கலாம்.

• சிலிண்டரில் மாட்டாமல், ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் மூடியை இறுக்கி மூடிவிட்டு, செகண்ட் ஸ்டேஜில் மெதுவாக மூச்சை இழுங்கள். காற்றே வரக் கூடாது. வந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. தண்ணீருக்குள் அந்த வழியாகத்தான் நீர் வரும்.

• சிலிண்டரில் மாட்டி, வால்வைத் திறந்து, பிறகு மூடுங்கள். மூச்சு விடாமல் சில நிமிடம் கேஜைப் பாருங்கள். முள் இறங்கினால் கசிவு.

• வால்வை முழுதாகத் திறந்துவிட்டு, கேஜைப் பார்த்தபடி ஆழமாக மூச்சு இழுங்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் முள் ஆடினால் ஃபில்டரில் அடைப்பு இருக்கலாம்.

• ஹோஸ்களை, உலோகத்தோடு சேரும் இடத்தில் வளைத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் மாற்ற வேண்டும். பின்னல் உறை போட்ட சில ஹோஸ்களின் உள்குழாய் சிதைந்து, படிகம்போல் ஆகிக் காற்றை அடைத்த சம்பவங்களைப் பற்றி டைவர்ஸ் அலெர்ட் நெட்வொர்க் எச்சரித்திருக்கிறது. இதை வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பழைய பின்னல் ஹோஸ் என்றால் மாற்றிவிடுவதே நல்லது.

இதெல்லாம் பாஸ் ஆனாலும், சர்வீஸ் முடிக்காமல் கடலில் இறங்காதீர்கள். டெக்னீஷியனிடம் இடைநிலை அழுத்தத்தை அளந்து காட்டச் சொல்லுங்கள். முள் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனால் வால்வு சீட் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஆன்லைனில் 'மினி ஸ்கூபா' வருதே, அது?

கையடக்க சிலிண்டர், அதன் தலையிலேயே ரெகுலேட்டர், கைப்பம்பு என்று சில ஆயிரத்துக்கு விளம்பரம் வரும். "ரெகுலேட்டர் இவ்வளவு விலை, இது மொத்தமே இவ்வளவுதானா!" என்று கை துறுதுறுக்கும். கணக்கைப் பாருங்கள். அரை லிட்டர் சிலிண்டரை 200 பாருக்கு நிரப்பினால் மொத்தம் 100 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவருக்கு 10 மீட்டர் ஆழத்தில் 40 லிட்டர் செலவாகும். இரண்டரை நிமிடத்தில் காலி! வழக்கமான அலுமினியம் சிலிண்டரில் இருப்பதோ சுமார் 2,200 லிட்டர்.

இதைவிடப் பெரிய ஆபத்து இருக்கிறது. பயிற்சி இல்லாதவர் ஆழத்தில் காற்றை இழுத்துவிட்டு, மூச்சைப் பிடித்தபடி மேலே வந்தால் நுரையீரலில் காற்று விரிந்து கிழித்துவிடும். சில மீட்டர் ஆழமே இதற்குப் போதும். 'சும்மா ஸ்விம்மிங் பூல்லதானே' என்று பயிற்சி இல்லாதவர் கையில் கொடுக்கவே கூடாத பொருள் இது.

வாங்கியாச்சு, இனி?

ஒவ்வொரு டைவ் நாளுக்குப் பிறகும் நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கழுவுங்கள். ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் மூடியைத் துடைத்து, உலர்ந்த நிலையில் மூடிய பிறகுதான் தண்ணீருக்குள் வைக்க வேண்டும். ஊறும்போது செகண்ட் ஸ்டேஜின் பர்ஜ் பட்டனை அழுத்தக் கூடாது. அழுத்தினால் வால்வு திறந்து, தண்ணீர் ஹோஸ் வழியாக ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் வரை போய்விடும். பலர் நல்லெண்ணத்தோடு செய்யும் தவறு இதுதான். பிறகு நிழலில் உலர்த்தி, ஹோஸை மடிக்காமல் பெரிய வட்டமாகச் சுருட்டி வையுங்கள். வெயிலும் உப்பும்தான் ரப்பரின் எதிரிகள்.

முழு செட்டின் எடை இரண்டு கிலோவைத் தொடும். விமானத்தில் போகும்போது செக்-இன் லக்கேஜில் அடிபட விடாமல், விமான நிறுவனத்திடம் கேட்டுக்கொண்டு கேபின் பையில் வைத்துக்கொள்ளுங்கள். சர்வீஸ் முடிந்து வந்த செட்டை நேராக ஆழ்கடலுக்குக் கொண்டுபோகாதீர்கள். பிரித்துப் பூட்டியபோது ஏதாவது தவறியிருந்தால் முதல் டைவில்தான் தெரியும். அந்த முதல் டைவ் நீச்சல் குளத்திலோ ஆழம் குறைந்த இடத்திலோ இருக்கட்டும்.

சுருக்கமாகச் சொன்னால், 18 மீட்டருக்குள், வெதுவெதுப்பான கடலில் டைவ் செய்யும் புதியவருக்கு ஈ.என். 250 முத்திரை பெற்ற எளிய பிஸ்டன் செட் போதும். இன்னும் ஆழமாகப் போகத் திட்டம் இருந்தால் நடுத்தர விலையில் ஒரு பேலன்ஸ்டு மாடல் பாருங்கள். இரண்டில் எதுவானாலும், அடுத்த இரண்டு வருட சர்வீஸ் செலவை இன்றைக்கே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். அந்தக் காசை எடுத்து வைக்க முடியவில்லை என்றால், இன்னும் ஒரு சீசன் வாடகையிலேயே ஓட்டுங்கள். அதில் ஒன்றும் கௌரவக் குறைச்சல் இல்லை.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது, "இது எவ்வளவுங்க?" என்று ஆரம்பிக்காதீர்கள். "இதை யாருங்க சர்வீஸ் பண்ணுவாங்க?" என்று கேளுங்கள். பதில் தெளிவாக வந்தால், அப்புறம் விலை பேசலாம்.